வாட்டர் கூலிங் லூப்பில் சத்தமா, ஓட்டம் குறைவா? கழற்றுவதற்கு முன் பாருங்கள்

கம்ப்யூட்டரில் கஸ்டம் வாட்டர் லூப், அதாவது பம்ப் தண்ணீரைச் சுற்றவிட்டு சிப்புகளைக் குளிர்விக்கும் அமைப்பு, வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஏதாவது சத்தம் கேட்டாலோ சூடு ஏறினாலோ உடனே தண்ணீரை இறக்கி, சிப்பின் மேல் உட்காரும் பிளாக்கைக் கழற்றி, எல்லாவற்றையும் கழுவித் திரும்ப மாட்டிவிடுவார்கள். பாதி நேரம் இது வீண் வேலை. மீதி நேரம் கெடுதல். தண்ணீரை இறக்கியதுமே லூப் முழுக்கக் காற்று புகுந்துவிடும். எந்த வேகத்தில் சத்தம் வந்தது, தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது, குமிழி எங்கே நின்றது என்ற தடயம் எல்லாம் போய்விடும். அப்புறம் நிரப்பும்போது வரும் சத்தம் பழைய சத்தமா புதிய சத்தமா என்பதே தெரியாது.

ஆகவே அறிகுறியைப் பார்த்து உள்ளே போவதுதான் சரி. இங்கே நான் மனதில் வைத்திருப்பது சாதாரணமான ஓர் அமைப்பு: ரிசர்வாயரோடு (தண்ணீர்த் தொட்டி) சேர்ந்த ஒரு டி5 வகை பம்ப், சிபியு (பிராசஸர்) பிளாக், ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) பிளாக், ஒன்றோ இரண்டோ 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர். டிடிசி என்ற இன்னொரு வகை பம்ப் வைத்திருந்தாலும் கிட்டத்தட்ட எல்லாம் பொருந்தும். மாறும் இடத்தில் சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் எடுக்க வேண்டிய எண்கள்

அறை வெப்பநிலை, தண்ணீர் வெப்பநிலை, சிபியு வெப்பநிலை, ஜிபியு வெப்பநிலை, பம்ப் சுற்று. ஃப்ளோ மீட்டர் இருந்தால் அதுவும். ஒரே லோடை அரை மணி நேரமாவது ஓடவிட்டு எடுங்கள். சிப் சில நொடிகளில் சூடாகிவிடும், தண்ணீர் அப்படியல்ல. ஐந்து நிமிடத்தில் எடுத்த எண் எதையும் சொல்லாது. ரிசர்வாயரிலோ ரேடியேட்டரிலோ காலியாக இருக்கும் ஒரு போர்ட்டில் திருகும் சின்ன சென்சார் அதிக விலை இல்லை. லூப் கட்டும்போதே அதைப் போட்டுவிடுவது நல்லது. அது இல்லாமல் செய்வதெல்லாம் ஊகம்தான்.

இந்த எண்களைத் தனித்தனியாகப் பார்க்காதீர்கள், வித்தியாசத்தைப் பாருங்கள். தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசம் ரேடியேட்டரையும் ஃபேனையும் பற்றிச் சொல்லும். சிப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் பிளாக், அதற்கும் சிப்புக்கும் இடையே பூசும் பேஸ்ட், ஓட்டம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லும். சென்னையில் மே மாதம் ஏசி போடாத அறை 36 டிகிரி இருக்கும்போது தண்ணீர் 46 டிகிரி காட்டினால் அது கோளாறு இல்லை. அதே 46 டிகிரியை 24 டிகிரி ஏசி அறையில் காட்டினால் கோளாறு. எந்த அறையானாலும் 60 டிகிரியை நெருங்கக் கூடாது. டி5 பம்புக்குச் சொல்லப்படும் உச்ச வரம்பு பொதுவாக அதுதான். பிஇடிஜி பிளாஸ்டிக்கால் ஆன ஹார்ட் ட்யூபும் (வளையாத கெட்டிக் குழாய்) அந்த எல்லையில்தான் இளக ஆரம்பிக்கும், அதை இணைக்கும் ஃபிட்டிங்கிலிருந்து நழுவும் அபாயம் உண்டு.

லூப் நன்றாக இருக்கும் காலத்திலேயே இந்த எண்களைக் குறித்துவைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. முன்பு சிபியு, தண்ணீரைவிட 30 டிகிரி கூட இருந்தது, இப்போது அதே லோடில் 42 டிகிரி கூட இருக்கிறது என்றால் ரேடியேட்டரைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நேராக சிபியு பிளாக்குக்குப் போகலாம்.

எவ்வளவு ஓட்டம் இருந்தால் போதும்?

இதில் தேவையில்லாத கவலை நிறைய. கணக்கு எளிது. நிமிடத்துக்கு 1 லிட்டர், அதாவது மணிக்கு 60 லிட்டர் ஓடும் லூப்பில் 400 வாட் வெப்பத்தை ஏற்றினால் தண்ணீர் ஒரு சுற்றில் சுமார் 5.7 டிகிரி சூடாகும். மணிக்கு 200 லிட்டர் ஓடினால் அதே வெப்பத்துக்கு 1.7 டிகிரிதான். 200-ஐ 300 ஆக்கினால் கிடைப்பது அரை டிகிரிச் சொச்சம். அதனால் மணிக்கு 150 முதல் 220 லிட்டர் வரை ஓடும் லூப்பை இன்னும் வேகமாக ஓட்ட பம்பை முழு வேகத்தில் வைத்துச் சத்தத்தை வாங்கிக்கொள்வதில் அர்த்தமில்லை. 100-க்குக் கீழே போனால் காரணம் தேடுங்கள். 60-க்குக் கீழே என்றால் தள்ளிப்போடாமல் தேடுங்கள்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள் (எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்). ரிசர்வாயருக்குத் திரும்பி வரும் ட்யூபை மட்டும் கழற்றி, அதன் வாயை ரிசர்வாயர் உயரத்திலேயே பிடித்து ஒரு லிட்டர் பாட்டிலில் விடுங்கள். வாயைக் கீழே தாழ்த்தினால் ஓட்டம் கூடுதலாகத் தெரியும். இன்னொருவர் ரிசர்வாயர் காலியாகாமல் கூலன்ட் (லூப்பில் ஓடும் திரவம்) ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டில் 18 நொடியில் நிரம்பினால் மணிக்கு 200 லிட்டர். 36 நொடி என்றால் 100. ஒரு நிமிடம் ஆனால் 60. இதற்குக் கூடுதலாக ஒரு லிட்டர் கூலன்ட் கையில் வேண்டும், சுற்றிலும் பழைய துணியும் வேண்டும். மற்ற சோதனைகள் எதுவும் பிடிபடாதபோது மட்டும் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பம்ப் சுற்று சரியாகக் காட்டுகிறது என்பதால் தண்ணீர் ஓடுகிறது என்று ஆகிவிடாது. அடைத்துக்கொண்ட லூப்பிலும் பம்ப் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

கொடகொட, சலசல என்று தண்ணீர் சத்தம்

இது காற்று. புதிதாக நிரப்பிய லூப்பில் முதல் சில நாள் இது வருவது இயல்பு. வீட்டு மோட்டாரில் ஏர் பிடித்துக்கொள்வது போலத்தான், வெளியேற வழி கொடுத்தால் போய்விடும். கேள்வி, எங்கே நிற்கிறது என்பதுதான்.

கேஸின் (கம்ப்யூட்டர் பெட்டியின்) மேலே பொருத்திய ரேடியேட்டர்தான் முதல் சந்தேகம், முக்கியமாக அது ரிசர்வாயரைவிட உயரத்தில் இருந்தால். காற்று மேலே ஏறி அங்கே உட்கார்ந்துவிடும். தண்ணீர் அதன் அடியில் ஓடிக்கொண்டிருக்கும், சலசலப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். முன்பக்க ரேடியேட்டரை ட்யூப் வாய் கீழே இருக்கும்படி நிறுத்தியிருந்தாலும் இதே கதைதான், மேல் முனையில் காற்று தங்கும்.

ரிசர்வாயரின் மேல் மூடியை லேசாகத் தளர்த்துங்கள். பம்பை முழு வேகத்தில் வைத்து, கேஸை முன்னால், பின்னால், இடம், வலம் என்று மெதுவாகச் சாயுங்கள், ஒவ்வொரு பக்கமும் அரை நிமிடம். சாய்க்கும்போது ரிசர்வாயரில் பம்பின் வாய்ப்பக்கம் எப்போதும் தண்ணீருக்குள் இருக்கிறதா என்று கண் அங்கேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் வெளியேற்றிய காற்றை பம்பே திரும்ப உள்ளே இழுத்துவிடும். அப்புறம் பம்பை நிறுத்திப் பத்து நொடி விட்டு மறுபடி ஓடவிடுங்கள். நிறுத்தும் அந்த இடைவெளியில்தான் சின்னக் குமிழிகள் சேர்ந்து பெரிதாகி மேலே வரும். ஓடிக்கொண்டே இருக்கும் பம்பால் அதைச் செய்ய முடியாது, உடைத்து உடைத்துச் சுற்றவிடத்தான் முடியும். இதைச் சில முறை செய்துவிட்டு, இரவு முழுக்க உயர்ந்த வேகத்தில் ஓடவிட்டு, காலையில் வழக்கமான வேகத்துக்கு இறக்கிப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் சத்தம் ரிசர்வாயரிலேயே கேட்டால் இரண்டைப் பாருங்கள். திரும்பி வரும் தண்ணீர் மேலிருந்து அருவியாக விழுகிறதா? நீர்மட்டத்தை அந்த வாய்க்கு மேலே உயர்த்துங்கள், அல்லது உள்ளே இறங்கும் குழாய் ஒன்றைப் போடுங்கள். ரிசர்வாயரின் நடுவே சுழல் உருவாகி அதன் முனை பம்ப் வரை இறங்குகிறதா? அப்படியானால் பம்ப் ஒவ்வொரு சுற்றிலும் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது. சுழல் தடுக்கும் தகடு பல ரிசர்வாயர்களோடு பெட்டியிலேயே வரும். தேவையில்லை என்று நினைத்து எடுத்து வைத்துவிடுவார்கள். எடுத்து மாட்டுங்கள்.

தண்ணீர் பால் போல வெளுத்து, நாள்கணக்கில் தெளியாமல் நுரைத்தால் அது காற்று மட்டுமில்லை. ரேடியேட்டரைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிவிட்டுச் சரியாக அலசாமல் விட்டிருப்பார்கள். எவ்வளவு சாய்த்தாலும் அந்த நுரை போகாது. இறக்கி, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசித் திரும்ப நிரப்புவதுதான் வழி.

மாதக்கணக்கில் அமைதியாக இருந்த லூப்பில் கொடகொடப்பு புதிதாக வந்தால் நீர்மட்டம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சாஃப்ட் ட்யூபின் சுவர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாவது உண்டு. ஆனால் நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் வெள்ளை டிஷ்யூவால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். கசிவு சொட்டுச் சொட்டாகத்தான் வர வேண்டும் என்றில்லை, காய்ந்துபோன கூலன்டின் நிறப்பொருக்கு மட்டும் ஃபிட்டிங்கின் கழுத்தில் ஒட்டியிருக்கலாம்.

பம்பிலிருந்து கரகர

முதலில் சத்தம் பம்பிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை பம்பின் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்துங்கள். பழைய மெக்கானிக்குகளின் முறை, இங்கேயும் அப்படியே வேலை செய்யும். ரேடியேட்டரில், பிளாக்கில், கேஸ் தகட்டில் என்று ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டால் சத்தம் எங்கே பிறக்கிறது, எங்கே அதிர்வாக வந்து சேர்கிறது என்பது தெளிவாகப் பிரிந்து தெரியும். மதர்போர்டிலும் கிராஃபிக்ஸ் கார்டின் பலகையிலும் மட்டும் ஓடும்போது இரும்பை வைக்கவே கூடாது.

பம்பில்தான் என்றால், கரகரப்பு விட்டுவிட்டு வருகிறதா, தொடர்ந்து வருகிறதா என்று கவனியுங்கள். விட்டுவிட்டு வந்து, சுற்று எண்ணும் கூடவே ஆடினால் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் அறையில் காற்று. மேலே சொன்ன சாய்த்தலும் நிறுத்தி ஓட்டுவதுமே போதும். தொடர்ந்து ஒரே மாதிரி அரைத்தால் உள்ளே துகள் சிக்கியிருக்கிறது அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது.

டி5-ஐத் திறப்பது பயப்படும்படியான வேலை இல்லை. தண்ணீரை இறக்கியதும் பம்பை அதன் மேல்பகுதியிலிருந்து பிரித்தால் இம்பெல்லர் கண்ணுக்குத் தெரியும். அது திருகினால் பொருத்தப்பட்டதல்ல. ஒரு சின்னப் பீங்கான் உருண்டையின் மேல் காந்தத்தின் பிடியில் உட்கார்ந்திருக்கிறது. விரலால் நேராக இழுத்தால் வந்துவிடும். அடியில் பாருங்கள்: ரேடியேட்டரிலிருந்து வந்த சால்டர் துணுக்கு, பிளாஸ்டிக் சீவல், தலைமுடி. காந்தம் என்பதால் இரும்புத்தூள் எங்கிருந்தாலும் இங்கே வந்து ஒட்டும். துடைத்து, உருண்டையின் மேல் விரல்நுனியை ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் பம்ப் பிழைத்தது. சொரசொரப்போ பள்ளமோ தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். அந்த இடத்துக்கு மசகு, ஓடும் கூலன்ட்தான். அதனால்தான் தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கிரீஸ் எதுவும் போடாதீர்கள்.

மாற்றுவதாக இருந்தால் ஒரு தகவல் உதவும். பெரும்பாலான பிராண்டுகள் தங்கள் பெயர் போட்டு விற்கும் டி5 ஒன்றேதான். ஜெர்மனியின் லைங் நிறுவனம் வடிவமைத்து, இப்போது சைலம் பெயரில் வருவது. ஆகவே ஒரு பிராண்டின் மேல்பகுதியில் இன்னொரு பிராண்டின் டி5 பொதுவாகப் பொருந்தும். முழு செட் வாங்க வேண்டியதில்லை.

ஒரே சீரான ரீங்காரம், கேஸே அதிர்கிறது

கையால் கேஸின் பக்கத் தகட்டை அழுத்திப் பிடியுங்கள். சத்தம் குறைந்தால் பம்பில் கோளாறு இல்லை, பம்பின் அதிர்வைத் தகடு வாங்கிப் பெரிதாக்குகிறது. பம்புக்குக் கீழே ரப்பர் புஷ் அல்லது தடித்த ஸ்பாஞ்ச் வைத்து, திருகுகளை இறுக்கி முறுக்காமல் விடுங்கள். ஹார்ட் ட்யூப் லூப்பில் அதிர்வு ட்யூப் வழியாகவே பிளாக்குக்கும் ரேடியேட்டருக்கும் போகும். பம்புக்கு அடுத்த ஒரு துண்டை மட்டும் சாஃப்ட் ட்யூபாக மாற்றினால் வித்தியாசம் தெரியும்.

இவ்வளவும் செய்வதற்கு முன், பம்ப் வேகத்தைப் படிப்படியாக மாற்றிப் பாருங்கள். டி5-இன் உச்சம் நிமிடத்துக்குச் சுமார் 4800 சுற்று. அதிலிருந்து 200 சுற்று வீதம் இறக்கிக்கொண்டே வந்தால் சில இடங்களில் ரீங்காரம் திடீரென்று எழும், அடுத்த படியில் அடங்கும். எழும் இடத்தைத் தவிர்த்துவிட்டால் போதும். பெரும்பாலான லூப்புகளுக்கு 2500-க்கும் 3500-க்கும் இடையில் எங்காவது நல்ல இடம் கிடைக்கும். டிடிசி இயல்பிலேயே கொஞ்சம் கூர்மையான சத்தம் உள்ளது, அடிப்பகுதி சூடாகவும் செய்யும். அதை ஸ்பாஞ்சால் சுற்றி மூடாதீர்கள், அடியில் ஹீட்சிங்க் இருந்தால் காற்றுப் படட்டும்.

சத்தம் சீராக இல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் பயாஸைத் திறங்கள். பம்ப், சிபியு வெப்பநிலையைப் பின்பற்றி வேகத்தை மாற்றும் ஃபேன் கர்வ் அமைப்பில் இருக்கும். பிரௌசரில் ஒரு டேப் திறந்தாலே சிபியு 15 டிகிரி துள்ளும், பம்பும் கூடவே துள்ளும். தண்ணீரின் வெப்பநிலை அப்படித் துள்ளாது. ஒரே நிலையான வேகத்தில் வைத்துவிடுங்கள், அல்லது தண்ணீர் சென்சாரைப் பின்பற்றச் சொல்லுங்கள்.

ஊசி குத்துவது போன்ற கீச்சொலி, டிக் டிக்

கீச்சொலிக்குப் பாவம் பம்ப் மேல் பழி விழும், ஆனால் பல நேரம் காரணம் கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும் ‘காயில்’ என்ற கம்பிச்சுருள். விளையாட்டில் ஃபிரேம் எண்ணிக்கையை 60-க்குக் கட்டுப்படுத்திப் பாருங்கள். சத்தத்தின் சுருதி மாறினால் அது அந்தக் காயில்தான். வாட்டர் பிளாக் போட்டு ஃபேன் சத்தம் அடங்கியதால் இதுவரை மறைந்திருந்தது வெளியே கேட்கிறது, அவ்வளவுதான். லூப்பைத் திறந்து ஒரு பயனும் இல்லை.

டிக் டிக் என்றால் ஓட்டம் காட்டும் சக்கரத்தைப் பாருங்கள். அதன் அச்சில் ஒரு குமிழி ஒட்டினாலே தட்ட ஆரம்பிக்கும். கேஸைச் சாய்த்தால் போகும். போகாவிட்டால் சிலவகைச் சக்கரங்களின் இயல்பே அது.

புதிதாகக் கட்டிய லூப், ஓட்டமே இல்லை அல்லது மிகக் குறைவு

இங்கே அழுக்கைத் தேட வேண்டாம். பொருத்தியதில்தான் ஏதோ இருக்கும்.

பம்ப் தானாக உறிஞ்சி ஏற்றும் வகை அல்ல. ரிசர்வாயரிலிருந்து தண்ணீர் தன் எடையால் பம்பின் வாய்க்கு இறங்க வேண்டும். ரிசர்வாயர் சேர்ந்த பம்புகளில் அடியில் இரண்டு மூன்று ஓட்டைகள் ஒரே மாதிரி இருக்கும், ஒன்றுதான் வெளியேறும் வாய். அதில் தவறினால் பம்ப் ஓடும், ரிசர்வாயருக்குள் கலங்கும், லூப்பில் தண்ணீர் நகராது.

அடுத்து சிபியு பிளாக்கின் திசை. பெரும்பாலான பிளாக்குகளில் தண்ணீர் நடுவிலிருக்கும் ஜெட் தகட்டின் வழியாக நுழைந்து, மெல்லிய தகடுகளுக்கு இடையே இரு பக்கமும் பிரிந்து வெளியேற வேண்டும். மாற்றிப் பொருத்தினாலும் ஓடும், ஆனால் சிபியு தேவையில்லாமல் பல டிகிரி கூடச் சூடாகும். எது நுழைவாய் என்று கூடவே வந்த தாளில் இருக்கும்.

சாஃப்ட் ட்யூப் மடங்கியிருக்கிறதா என்று கம்ப்யூட்டர் சூடாக இருக்கும்போது பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது வட்டமாக இருக்கும் வளைவு, 45 டிகிரித் தண்ணீரில் இளகி நசுங்கும். ரிசர்வாயரும் பம்பும் தனித்தனி என்றால் அவற்றுக்கு இடையே உள்ள துண்டு உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளவும் கூடும். க்விக் டிஸ்கனெக்ட் (சட்டென்று கழற்றி மாட்டும் இணைப்பு) வைத்திருந்தால் ‘க்ளிக்’ வரும் வரை அழுத்துங்கள். பாதி நுழைந்தால் கசியாது, பாதிதான் திறக்கும். 90 டிகிரி ஃபிட்டிங்குகள் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, எட்டுப் பத்து என்றால் கணக்கில் வரும்.

பம்பின் வயரையும் பாருங்கள். முழு வேகத்தில் டி5 சுமார் 23 வாட் இழுக்கும், 12 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 2 ஆம்பியர். மதர்போர்டில் ஃபேன் மாட்டும் சாதாரண ஹெடர் பெரும்பாலும் 1 ஆம்பியருக்குத்தான். பவர் நேராக பவர் சப்ளையின் சாட்டா அல்லது மோலெக்ஸிலிருந்து வரட்டும். மதர்போர்டுக்குப் போவது வேகம் காட்டும் வயரும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் வயரும் மட்டும்.

முன்பு நன்றாக ஓடியது, இப்போது குறைந்துகொண்டே போகிறது

இதற்குப் பெரும்பாலும் ஒரே இடம்தான் பதில்: சிபியு பிளாக். அதன் மெல்லிய தகடுகளுக்கு இடையே உள்ள சந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. லூப்பில் எங்கே அழுக்கு பிறந்தாலும் வடிகட்டியாக நிற்பது அதுதான். ஜிபியு பிளாக் பெரும்பாலும் அகலமானது, கடைசியில்தான் அடைக்கும். எண்களும் இதையே சொல்லும்: ஓட்டம் குறைந்திருக்கும், சிபியுவுக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி கூடியிருக்கும், ஜிபியு இடைவெளி அவ்வளவு மாறியிருக்காது.

இப்போது கழற்றலாம். கழற்றும்போது உள்ளே இருக்கும் அழுக்கைத் துடைத்து எறிவதற்கு முன் நிதானமாகப் பாருங்கள், எங்கிருந்து வந்தது என்று அதுவே சொல்லும்.

வெண்மையாகவோ சாம்பலாகவோ, விரலில் தேய்த்தால் மெழுகு போல இழுபட்டால் அது கண்ணாடி போன்ற பிவிசி ட்யூபிலிருந்து கசிந்த பிளாஸ்டிசைசர், அதாவது ட்யூபை வளையும்படி மென்மையாக்கச் சேர்த்த பொருள். ட்யூபும் உள்ளே மங்கலாகி இருக்கும். பிளாக்கைக் கழுவிவிட்டு அதே ட்யூபை மாட்டினால் சில மாதத்தில் திரும்ப வரும். கறுப்பு இபிடிஎம் ரப்பர் ட்யூபுக்கு மாறுங்கள். அழகு கொஞ்சம் குறையும், இந்தத் தொல்லை இருக்காது.

கூலன்டின் நிறத்திலேயே மாவு மாதிரிப் படிந்திருந்தால், பால் போன்று ஒளி ஊடுருவாத பாஸ்டல் வகை கூலன்டின் துகள்கள் பிரிந்து படிந்திருக்கின்றன. படம் எடுத்துக் காட்ட அந்தக் கூலன்ட் அழகுதான். தினமும் வேலை செய்யும் இயந்திரத்தில் அதைப் போடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வழவழப்பான பச்சையோ பழுப்போ, கூடவே பாசி வாடையோ இருந்தால் உயிர் வளர்ந்திருக்கிறது. உயிர்க்கொல்லி சேர்க்காத வெறும் தண்ணீர், அதில் வெயிலும் பட்டால் இதுதான். நீலப்பச்சைப் பொருக்கு என்றால் செம்பு அரிக்கிறது. லூப்பில் எங்காவது அலுமினியம் கலந்திருக்கிறதா பாருங்கள். விலை மலிவான சில ரேடியேட்டர்களும் ஃபிட்டிங்குகளும் அலுமினியம். செம்பு பிளாக்கோடு அதைச் சேர்த்தால் கூலன்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அலுமினியம் கரைந்துகொண்டே இருக்கும், அதை மாற்றுவதைத் தவிர வழியில்லை. கரும்புள்ளி, உலோக மினுக்கு, சால்டர் துணுக்கு என்றால் ரேடியேட்டரைப் பொருத்துவதற்கு முன் கழுவவில்லை. புது ரேடியேட்டருக்குள் தயாரிப்பின்போது தங்கிய ஃபிளக்ஸ் (சால்டர் வைக்கப் பூசும் பொருள்) நிச்சயம் கொஞ்சம் இருக்கும். வெந்நீர் ஊற்றி, இரு வாயையும் மூடி, நன்றாகக் குலுக்கிக் கொட்ட வேண்டும், கொட்டும் நீர் தெளியும் வரை.

பிளாக்கைத் திறக்கும்போது ஓ-ரிங் எப்படி உட்கார்ந்திருந்தது, ஜெட் தகடு எந்தப் பக்கம் பார்த்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீர், சோப்பு ஒரு துளி, பழைய மென்மையான டூத் பிரஷ். தகடுகளின் போக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே அல்ல. ஊசி, கத்தி, கம்பி எதுவும் வேண்டாம். நம் வீட்டில் கை போகும் இன்னொன்று புளியும் பித்தளைப் பாத்திரப் பவுடரும். இரண்டும் வேண்டாம். புளியின் அமிலம் நிக்கல் பூச்சைத் தின்றுவிடும், பவுடரின் மணல் சந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பூச்சில்லாத வெறும் செம்பு என்றால் நீர்த்த வினிகரில் சில நிமிடம் வைத்து அலசலாம். அக்ரிலிக் பாகங்களில் ஸ்பிரிட், ஐசோப்ரொபைல் ஆல்கஹால், தின்னர் எதுவும் படக் கூடாது. முடிபோல மெல்லிய வெடிப்புகள் விடும், அப்புறம் ஒருநாள் கசியும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் ஊரில் இது முக்கியம். போர் தண்ணீரால் அலசலாம், ஆனால் கடைசி இரண்டு அலசல் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். நிரப்புவதற்கு வீட்டு ஆர்ஓ தண்ணீர் ஆகாது. அது உப்பைக் குறைக்கிறது, முழுக்க நீக்குவதில்லை. சுவைக்காகக் கொஞ்சம் உப்பைத் திரும்பச் சேர்க்கும் இயந்திரங்களும் உண்டு. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் கேன் தண்ணீர் கடைக்குக் கடை மாறும். டிடிஎஸ் மீட்டர் இருந்தால் நனைத்துப் பாருங்கள், 0 அல்லது 1 காட்டினால் எடுத்துக்கொள்ளுங்கள், 20 காட்டினால் திருப்பிக் கொடுங்கள். அதோடு அரிப்பையும் பாசியையும் தடுக்கும் சேர்மானம் கட்டாயம். ரெடிமேடாக வரும் தெளிந்த கூலன்டில் அது ஏற்கெனவே இருக்கும். இரண்டு வேறு கம்பெனி கூலன்டைக் கலக்காதீர்கள், திரிந்து படியலாம்.

ஓட்டம் சரி, சத்தமும் இல்லை, ஆனாலும் சூடு

தண்ணீருக்கும் அறைக்கும் வித்தியாசம் கூடியிருந்தால் ரேடியேட்டரில் தூசி, அல்லது ஃபேன் திசை மாறி ஒன்றை ஒன்று எதிர்க்கிறது. சிப்புக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் கூடியிருந்து ஓட்டம் மாறாமல் இருந்தால் பேஸ்ட், அல்லது பிளாக் சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் லூப்பைத் திறக்க வேண்டியதில்லை. சாஃப்ட் ட்யூப் என்றால் தண்ணீரோடே பிளாக்கைத் தூக்கிப் பேஸ்ட் மாற்றிவிடலாம்.

திரும்ப நிரப்பும்போது

மதர்போர்டுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் போகும் எல்லாப் பவர் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். பவர் சப்ளையில் பம்ப் மட்டும் இருக்க வேண்டும். 24 பின் கேபிளின் முனையில் ஜம்பர் பிளக் மாட்டினால் பவர் சப்ளை தனியாக ஓடும். பழைய கேபிள்களில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் இணைப்பதுதான் அது. இப்போது எல்லா வயரும் கறுப்பாக வருவதால் எண்ணித் தேடுவதைவிட ஜம்பர் பிளக் வாங்குவது பத்திரம்.

நிரப்புவதற்கு முன் கைப் பம்ப் கொண்ட லீக் டெஸ்டர் இருந்தால் 0.5 பார் வரை காற்றேற்றி அரை மணி நேரம் முள் நகர்கிறதா பாருங்கள். அதற்கு மேல் ஏற்றாதீர்கள், அக்ரிலிக் ரிசர்வாயர் தாங்காது. முள் நின்றால் ஊற்றலாம்.

ரிசர்வாயர் நிறைய ஊற்றி, பம்பை மூன்று நான்கு நொடி ஓட்டி, மட்டம் இறங்கியதும் உடனே நிறுத்தி, மறுபடி ஊற்றுங்கள். ரிசர்வாயர் ஒருபோதும் காலியாகக் கூடாது. மட்டம் இறங்குவது நின்றதும் ஃபிட்டிங்குகளுக்கு அடியில் டிஷ்யூ விரித்து, சில மணி நேரம் பம்பை மட்டும் ஓட்டுங்கள். டிஷ்யூ எல்லாம் காய்ந்தே இருந்தால் கேபிள்களை மாட்டிக் கம்ப்யூட்டரைப் போடலாம். முதல் வாரத்தில் மட்டம் சில மில்லிமீட்டர் இறங்கும், ரேடியேட்டரில் ஒளிந்திருந்த காற்று வெளியேறுவதால் அப்படி. அதே கூலன்டை ஊற்றிச் சரிசெய்துகொள்ளுங்கள். இரண்டாவது வாரமும் அதே வேகத்தில் இறங்கினால் டிஷ்யூவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஃபிட்டிங்காகத் துடைத்துப் பார்க்க வேண்டியதுதான்.